மூத்தாளுக்கு ஒரு சேலை

எனக்கு நடந்தது ஒரே ஒரு கல்யாணம்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், இங்கிலீஷ்.

மதுவிலக்கு வந்த புதிது. சங்கரன்கோவில் ஆடித் தபசுக் கூட்டத்தில் கரிவலம்வந்தநல்லூர்க் கோமதியைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அவள் அப்பா பருத்தி வியாபாரி. தன் கடைத் தராசையே நம்பாமல் அடுத்த கடையில் போய் நிறுத்துப் பார்க்கிற மனுஷன். "இங்கிலீஷ் பேசுத மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். என் அம்மா சும்மா இருந்தாளா? "எம்மவன் தொரை மாதிரில்லா பேசுவான்!" என்று அளந்துவிட்டு வந்தாள். (எனக்குத் தெரிந்தது 'எஸ் சார்' மட்டும்.)

இண்டர்மீடியட்டில் கோட்டை விட்ட என் கூட்டாளி குருசாமியிடம் சரணடைந்தேன். முன்பு வழக்கமாகச் செய்து இப்போது விட்டதற்கு 'யூஸ்டு டு', வேறு வழியில்லாமல் செய்ததற்கு 'ஹேட் டு' என்று அவன் சொல்லிக் கொடுத்தான். வழக்கம் ஒன்று சொன்னால், அதனால் வந்த கட்டாயம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி.

"நான் தினமும் கோயிலுக்குப் போவது வழக்கம்" என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, நல்ல பழக்கத்த எவம்ல விடுவான்? விட்ட பழக்கம்னா கெட்டதாத்தான் இருக்கணும். நல்லா யோசில!"

யோசித்தேன். மறுநாள் சாயங்காலம் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சத்தமாகப் படித்தேன். வாய் பழக வேண்டுமே! குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவரும் நின்று குளத்து மீனைப் பார்த்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பெண் வீட்டார் என்னை விசாரிக்க அனுப்பிய ஆள்தான், சந்தேகமே இல்லை! விடுவேனா? குரலை உயர்த்தினேன்.

"ஐ யூஸ்டு டு டிரிங்க். ஐ ஹேட் டு செல் மை ஹவுஸ்!"

குடித்துக் குடித்து வீட்டை விற்றாயிற்று. அவர் குடை கீழே விழுந்தது. என் இங்கிலீஷில் சொக்கிப்போனார் என்று நினைத்து, அடுத்ததைத் தொண்டை கிழிய எடுத்து விட்டேன்.

"ஐ யூஸ்டு டு குவாரல் வித் மை வைஃப். ஐ ஹேட் டு பெரி ஹெர்!"

பெண்டாட்டியோடு சண்டை போடுவது வழக்கம். கடைசியில் அவளைப் புதைக்க வேண்டியதாயிற்று. திரும்பிப் பார்த்தேன். குடை கிடந்தது, ஆளைக் காணோம்.

என் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. அவர் கோமதியின் தாய்மாமன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் இங்கிலீஷ் அட்சரம் பிசகாமல் புரியும். மறுநாள் காலையிலேயே கோமதியின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்கன வே புதைச்சீரு?" என்று என்னைக் கேட்டார் கோமதியின் அப்பா.

"எம்மவனுக்குக் கல்யாணமே ஆகலையே அண்ணாச்சி!" என்று அம்மா அலறினாள்.

"தமிழ்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். இங்கிலீஷ்ல பொய் சொல்லுத அளவுக்கு இவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு மச்சான் சொல்லுதாரு. அது கெடக்கட்டும், நம்ம ஆளுக எரிக்கத்தான செய்வோம்? நீரு மட்டும் எதுக்கு வே புதைச்சீரு?"

எரிப்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாததால்தான் புதைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. கோமதி அவ்வளவுதான், போய்விட்டாள் என்று எனக்கு அழுகையே வந்தது.

ஒரு வாரம் ஊரெல்லாம் விசாரித்தார்கள். விற்ற வீட்டில் நாங்களே குடியிருந்தோம். பெண்டாட்டி இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. முடிவைச் சொன்னவள் கோமதிதான். முதல் தாரம் இறந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறவள், மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மூத்தாளுக்கு ஒரு சேலை வச்சுக் கும்பிட்டுருதேன். அப்படி ஒருத்தி இருந்தா சாந்தியாவா. இல்லேன்னா சேலை எனக்கு."

அப்படியே கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் நான் இரண்டு சேலை எடுக்கிறேன். மூத்தாள் சேலை ராத்திரி விளக்குக்கு முன்னால் இருக்கும், விடிந்தால் கோமதி இடுப்பில் இருக்கும்.

"ஏட்டி, இல்லாத பொம்பளைக்கு எதுக்குச் சேலை?" என்று ஒரு வருஷம் எகிறினேன்.

"இப்படித்தான அவகிட்டயும் சண்டைக்குப் போனிய? அப்புறம் புதைச்சிட்டு வந்து நிக்கிய. எனக்குப் பயமா இருக்காதா?"

ஜவுளிக் கடைக்கு நடந்தேன். இந்தப் பொங்கலுக்கும் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். வாசலில் பேத்தி கேட்கிறாள்:

"தாத்தா, இங்கிலீஷ் ஆச்சிக்கு என்ன கலர் பிடிக்கும்?"