புயல் எச்சரிக்கைக்குக் கிடைத்த பிரதம அதிதி மரியாதை

மனிதருக்கு மரியாதை செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் உலகத்தில் பலர். கம்பிக்குள் ஓடும் தகவலுக்கும் மரியாதை உண்டென்று கண்டுபிடித்த பெருமை மட்டும் குறிஞ்சிப்பிட்டி 'கரையோரத் தரவு மாளிகை'யையே சேரும். மாளிகை என்றால் இரண்டு அறை. ஒன்றில் ஆறு சேர்வர் கணினிகள் ஏசியில் சுகமாக வாழ்ந்தன. மற்றதில் பணிப்பாளர் யோகராசா மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து எட்டு வருடத்தில் இந்தப் பக்கம் கண்ட பெரும் 'அபிவிருத்தி' அதுதான்.

மாளிகையின் ஒரே பொறியியலாளர் ஸபீனா. ஒரு கிழமையாக அவளுக்கு நிம்மதி இல்லை. சேர்வர்களிலிருந்து வெளியே போவது ஒற்றை இணைப்பு. எல்லாத் தகவலும் அதற்குள் முண்டியடித்ததால், போன தடவை புயல் எச்சரிக்கை படகுக்காரரின் போனுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் போனது. அவளுடைய புருஷன் நிஸார் ஆலங்குடாவில் படகு ஓட்டுகிறவன். ஆகவே அவளுக்கு இதில் 'தனிப்பட்ட அக்கறை' இருப்பதாகக் கூட்டக் குறிப்பில் கவலையோடு பதியப்பட்டது.

கூட்டம் வடையோடு தொடங்கியது.

"சேர், தகவலப் பிரிச்சு அனுப்புற சுவிட்சில எட்டு வரிசை இரிக்கி," என்றாள் ஸபீனா. "எது முந்திப் போகணும்டு நாம சொல்லிக் குடுத்தா அது அப்பிடியே அனுப்பும். புயல் எச்சரிக்கைய முதலாம் வரிசையில போடுவம்."

யோகராசா கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருடம் அரச வைபவங்களுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதிய கை அவருடையது.

"பிள்ளை, எச்சரிக்கை அவ்வளவு முக்கியமோ?"

"எல்லாத்தையும் விட முக்கியம், சேர்."

"அப்ப அதுதான் பிரதம அதிதி. பிரதம அதிதி முதல் ஆளா வந்து மண்டபத்தில குந்திக்கொண்டிருந்ததை எங்கையாவது கண்டனீரே?"

சபை மெய்சிலிர்த்தது. ஸபீனா யோசித்துப் பார்த்தாள். சத்தியமாக அவள் கண்டதில்லை.

சுற்றுலாப் பகுதிக் கீதன் எழும்பினான். வெள்ளைக்காரர் கைட் என்ற பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேலே பறப்பதை நாள் முழுக்க நேரடி வீடியோவாக உலகத்துக்குக் காட்டுவது அவனுடைய உத்தியோகம்.

"எங்கட வீடியோ, சேர்?"

"அது சாதாரண விருந்தாளி. வெள்ளனவே வந்து முன்னுக்கு இருக்கட்டும்."

இப்படியே பணிப்பாளரின் காலை வணக்கப் பூப்படம் இரண்டாம் வரிசைக்கும், அவர் ரிப்பன் வெட்டிய படங்கள் மூன்றாம் வரிசைக்கும் போயின. எட்டாம் வரிசை சகல கௌரவங்களுடனும் புயலுக்கு ஒதுக்கப்பட்டது.

"முன்னுக்குள்ளது முடியாம கடைசி வரிசை அசையாது, சேர்! கடல்ல ஆக்கள் இரிக்கிறாங்க!"

"பிரதம அதிதிக்காகச் சனம் காத்திருக்கிறது புதிசே, பிள்ளை?"

கட்டளை எழுத்தில் வந்தது. ஸபீனா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அமைத்தாள்.

அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து எச்சரிக்கை வந்து எட்டாம் வரிசையில் நின்றது. காற்று ஏற ஏறக் கைட்டுகள் அற்புதமாகப் பறந்தன. பார்க்கிற கூட்டம் பெருகியது, வீடியோவும் பருத்தது. புயலே புயல் எச்சரிக்கையை மறித்து நிற்கும் அதிசயத்தைக் குறிஞ்சிப்பிட்டி அன்றுதான் கண்டது. ஸபீனா நிஸாருக்குப் போன் எடுத்தாள், மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. பணிப்பாளரிடம் ஓடினாள்.

"இன்னும் முன்வரிசை நிறையேல்லையே," என்றார் அவர், தேத்தண்ணியை ஊதியபடி.

"யா அல்லாஹ்!" என்று திரும்பி ஓடிய ஸபீனா, வீடியோ சேர்வரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

ஒரு நிமிடத்தில் எச்சரிக்கை கடலுக்குப் பறந்தது. கடலிலிருந்த முப்பத்தேழு படகும் அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்ந்தன. தொப்பலாக நனைந்து வந்த நிஸாரைக் கண்டதும் ஸபீனா அழுதாள், சிரித்தாள், பிறகு ஏசினாள்.

மறுநாள் விசாரணை. 'பிரதம அதிதியை உரிய நேரத்துக்கு முன் அழைத்து வந்து அவமதித்தமை' என்பது குற்றச்சாட்டு. சாட்சிக்கு வந்த நிஸார் எட்டு வரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருதரம் வாசித்தான்.

"சேர், பூப்படத்துக்கும் ஒரு வரிசை இரிக்கி. எங்கட உசிரு எத்தினையாம் வரிசை?"

யோகராசா கோவையைப் பொறுமையாகக் கடைசித்தாள் வரை புரட்டினார்.

"உயிர்ப் பகுதியிலயிருந்து," என்றார், "இன்னும் விண்ணப்பம் ஒண்டும் வரேல்லை, தம்பி."