மெதுவா போ, லதா

காரின் பின் சீட்டை ஒளித்து வைக்க ஒரு வீட்டில் இடமே கிடையாது என்பது ஸ்வர்ணலதாவுக்கு அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை. பரண்மேல் ஏறவில்லை. தறிக்கூடத்து மூலையில் சாத்திப் பழைய ஜமக்காளத்தைப் போர்த்தினால், யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"ஜல்தி அக்கா, ஜல்தி. அண்ணன் வர்ற நேரம்" என்றான் மணவாளன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் அவன்.

"சீட்டைக் கழட்டுனா வண்டி பறக்கும்னு சொன்னியே, கழட்டுன சீட்டை எங்க வெக்கறதுன்னு சொன்னியா நீ?"

"நாப்பது கிலோ கொறையற எடத்துல கொறைச்சாத்தான் அக்கா ஓடும். நீங்க தறிக்குப் பட்டு நிறுத்துக் குடுக்கறப்ப ஒரு கிராம் வுடுவீங்களா? அந்த மாதிரிதான்."

விஷயம் இதுதான். ஆரணியிலிருந்து சென்னைக் கடைகளுக்குச் சேலைக்கட்டு கொண்டுபோகும்போதெல்லாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போன மாதம் அந்த வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். அடுத்த மாத இரண்டாம் ஞாயிறு பெண்களுக்குத் தனி ஓட்டம்; சொந்த வண்டியில் யாரும் வரலாம்; காலை ஒன்பது மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்; மூன்று நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடிப்பவர்களுக்கு மதியம் பந்தயத்தில் இடம். அதைப் படித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு வருஷமாக அந்த வெள்ளை மாருதியை ஓட்டுகிறவள் அவள்தான். கணவர் வேணுகோபால் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டார். கேட்டால், "எனக்கு அதெல்லாம் ஒத்துக்காது" என்பார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முள் நாற்பதைத் தாண்டினால் போதும், "மெதுவா போ, லதா" என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை செய்யாறு ரோட்டில் இவர்களை முந்திப்போன சைக்கிள்காரர், அடுத்த ஊர் டீக்கடையில் டீ குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவிவைத்துவிட்டு இவர்களுக்குக் கையும் காட்டினார். அந்த அவமானம் அவள் நெஞ்சில் இன்னும் அப்படியே இருந்தது.

அந்த வண்டியையும் இப்போது விற்கப் பேசி முடித்துவிட்டார். சேலைக்கட்டுக்கு டெம்போ போதுமாம். திங்கட்கிழமை காலையில் கலசப்பாக்கம் வேடியப்பன் வந்து மாருதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே இந்த ஞாயிறு விட்டால் ஸ்வர்ணலதாவுக்கு இனி எந்த ஞாயிறும் இல்லை. ஓட்டியே தீருவது என்று முடிவுகட்டிவிட்டாள். வேகம் என்றாலே வெலவெலத்துப் போகிற புருஷனிடம் இதைச் சொல்ல முடியுமா?

வேணுகோபால் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே காரைத்தான் பார்த்தார்.

"பின்னாடி சீட்டு எங்க?"

"கவர் தைக்கக் குடுத்துருக்குதுங்க. வேடியப்பன் வந்து பாக்கறப்ப நல்லா இருக்கணும் இல்ல?"

வேணுகோபால் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். தாடையைச் சொறிந்தார்.

"பின்னாடி புதுசு, முன்னாடி பழசுன்னா நல்லாவா இருக்கும்? மணவாளா, அந்த எடது பக்கத்து சீட்டையும் கழட்டிக் குடுத்துடு."

மணவாளன் ஸ்வர்ணலதாவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அரை மணியில் தறிக்கூடத்தில் இரண்டாவது ஆளும் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை சைலன்சர். உள்ளே அடைப்பே இல்லாத ஒன்றை மணவாளன் வேலூரிலிருந்து தேடிப்பிடித்து மாட்டினான். "இஞ்சின் தாராளமா மூச்சு வுடணும் அக்கா" என்றான். அது மூச்சுவிட்ட வேகத்தில் நாலு வீட்டில் தறி நின்றது. எதிர்வீட்டுக் கமலம் கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள்.

"இன்னா லதா, காருல லாரி இஞ்சின் வெச்சுட்டியா?"

அதற்குள் வேணுகோபாலும் வந்துவிட்டார். ஸ்வர்ணலதாவுக்கு வாயில் வந்த முதல் பொய், "சைலன்சர் துருப்புடிச்சு ஓட்டை வுழுந்துடுச்சுங்க."

அவர் குனிந்து, காதை நீட்டி, ஒரு நிமிஷம் முழுசாகக் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், சத்தத்திலேயே பயந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"வேடியப்பன் காதுல வுழுந்தா வெலையக் கொறைச்சுடுவாரு. நாளைக்கு நானே கூட இருந்து எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்" என்றார்.

சனிக்கிழமை சந்தவாசல் ரோட்டில் வண்டியை நன்றாக விரட்டிப் பார்ப்பது என்று அவளும் மணவாளனும் திட்டம் போட்டிருந்தார்கள். அது ஒழிந்தது. காலையில் ஷெட்டுக்குப் போன வேணுகோபால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்ட மணவாளன், அவரை முன்னால் போகவிட்டுச் சமையலறை ஜன்னல் பக்கம் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணன் ஒரே பேஜாரு பண்ணிட்டாரு அக்கா. பக்கத்துலயே நின்னுகினு, நான் வெச்சதை எல்லாம் கழட்டு கழட்டுன்னு கழட்ட வெச்சுட்டாரு. கார்பரேட்டர்ல பெட்ரோல் பாயற ஜெட்டைப் பெருசு பண்ணியிருந்தேன் இல்ல? அதையும் மாத்திட்டாரு. டயர்ல காத்து ஏத்திட்டாரு. ஸ்டெப்னியப் பஞ்சருக்குப் போட்டுட்டாரு. கேட்டா மைலேஜு மைலேஜுன்றாரு."

"சைலன்சரு?"

"அது மட்டும் வேற கெடைக்கலன்னு வுட்டுட்டாரு."

"நாசமாப் போச்சு, போ!" ஸ்வர்ணலதா தாளிப்புக் கரண்டியைத் தொட்டியில் போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ரேஸுக்குத் தயார் செய்த வண்டியை மனுஷர் மளிகை வாங்கப் போகிற வண்டியாக்கிவிட்டாரே! ஒரு நிமிஷம்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மளிகை வண்டியானால் என்ன, நான்கு சக்கரமும் உருளும் அல்லவா? "நீ பஸ் புடிச்சு ஹெல்மெட்டோட வந்து வாசல்ல நில்லு. நான் வர்றேன்."

சாப்பாடு பரிமாறும்போது விஷயத்தை மெல்ல அவிழ்த்தாள். "ஸ்ரீபெரும்புதூர்ல என்கூடப் படிச்சவ பொண்ணுக்கு வளைகாப்புங்க. காலையில போயிட்டு வந்துடறேன்."

"தனியாவா? அவ்ளோ தூரமா? நானும் வரேன்."

இப்படி ஒரு சிக்கல் வந்தால் அவிழ்க்க நெசவுக்காரி வீட்டில் வழியா இல்லை? கை கழுவியதும் கமலம் வீட்டுக்கு ஓடினாள். அந்தத் தெருவில் பாவு போட வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை உண்டு. விடிகாலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுப் பிரித்துவிடும் வேலை. வீட்டுக்காரர் கூடவே நின்றாக வேண்டும், நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கமலத்தின் முறை; வேணுகோபாலின் முறை செவ்வாய். இரண்டையும் மாற்றிக்கொண்டாள். இனி மனுஷர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைய முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து, பட்டுப்புடவை கட்டி, சாவியோடு கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவளுடைய சொந்தப் பாவு அரக்கு நிறத்தில் பளபளவென்று கிடந்தது. சைக்கிள்கூடத் தாண்ட முடியாது. புருஷனைக் கட்டிப்போட நினைத்தவள் காரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பாவு பார்த்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

"இன்னா லதா, நேரமாவுதா?" வேணுகோபால் கஞ்சிக் கையோடு திரும்பிப் பார்த்தார். "ஒன்பதுக்குள்ள போயாவணுமா?"

ஒன்பது என்று சொன்னோமா என்றுகூட யோசிக்கவில்லை. "ஆமாங்க" என்றாள்.

அவர் நாலு வீட்டில் குரல் கொடுத்தார். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டரைவரை இழுக்கிற வேலை ஏழு மணிக்கு முடிந்து, பாவு சுருட்டி உள்ளே போய்விட்டது. அவள் மனசுக்குள் கும்பிட்டுவிட்டு வண்டியை வெளியே எடுத்தாள். வேணுகோபால் கை கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கோரைப்பாயோடு வந்து நின்றார்.

"வேலைதான் முடிஞ்சுடுச்சே. நானும் வரேன்."

"சீட்டே இல்லீங்களே!"

"அதுக்குத்தான் பாயி."

சீட்டு இருந்த இடத்தில் பாயை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். தலை டேஷ்போர்டுக்கு மேலே வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவள் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவள்போல் இருந்தாள்.

ஆரணி தாண்டியதும் மிதித்தாள். முள் எண்பதைத் தொட்டது. பாயிலிருந்து குரல் வந்தது.

"மெதுவா... மெதுவா... ம், இப்பப் போ."

பார்த்தால் வளைவு. அதை முடிக்கும்போதுதான் "இப்பப் போ." அடுத்த வளைவுக்கும் அதே பாட்டு. ரோடே கண்ணில் படாத மனுஷருக்கு வளைவு வருவது மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ! பயந்தவனுக்கு உடம்பெல்லாம் கண் என்று எண்ணிப் பல்லைக் கடித்தாள். செய்யாறு வந்தது, போனது. காஞ்சிபுரம் வந்தது, போனது. மளிகை வண்டி என்று நினைத்தது ஏனோ ஒவ்வொரு வளைவிலும் பிடித்த பிடி விடாமல் போனது.

இருங்காட்டுக்கோட்டை வாசலில் மணி எட்டு ஐம்பத்திரண்டு. ஹெல்மெட்டோடு மணவாளன் குதித்துக்கொண்டிருந்தான். காவலாளி ஜன்னலில் குனிந்தார்.

"ஓட்டறவங்களா, பாக்கறவங்களா?"

இனிமேல் எந்தப் பொய்யும் மிச்சமில்லை. "ஓட்டறவ" என்றாள் ஸ்வர்ணலதா. பிறகு பாயைப் பார்த்துச் சொன்னாள்: "என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. வண்டி நாளைக்குப் போயிடுது. பதினோரு வருஷமா நாப்பதுலயே ஓட்டிகினு இருக்கறேன். ஒரே ஒரு தடவை, என் இஷ்டத்துக்கு ஓட்டிப் பாக்கணும். இல்லேன்னா செத்தாலும் எனக்கு ஆறாது."

வேணுகோபால் பாயிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப வளைகாப்புச் சாப்பாடு?"

"இல்லீங்க."

"சரி" என்று பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று வேலிப்பக்கம் போனார். அழுகிறாரோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஆனாலும் கொசுவத்தை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டை மாட்டினாள்.

ஆளுக்கு மூன்று சுற்று. முதல் சுற்றில் வளைவு ஒன்றில் வேகமாக நுழைந்து மண்ணில் இறங்கி, புழுதியோடு ஏறினாள். மூன்று நிமிஷம் பதினொரு விநாடி. இரண்டாவதில் மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மூன்று நிமிஷம் நாலு விநாடி. கடைசிச் சுற்று. வளைவு நெருங்கியபோது, பக்கத்தில் ஆளில்லாமலே அந்தப் பாழாய்ப்போன குரல் காதில் கேட்டது. பதினோரு வருஷப் பழக்கம், கால் தானாகவே கீழ்ப்படிந்தது. மெதுவா... மெதுவா... ம், இப்பப் போ. வண்டி வளைவைக் கத்தரித்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கொடி விழுந்தது. மணவாளன் ஓடிவந்தான். "ரெண்டு நிமிசம் ஐம்பத்தெட்டு! அக்கா, மதியம் பந்தயத்துல நீங்க இருக்கறீங்க அக்கா!"

ஸ்வர்ணலதா ஹெல்மெட்டைக் கழற்றிக் கத்தினாள், சிரித்தாள், மணவாளன் முதுகில் நாலு போடு போட்டாள். அப்புறம்தான் புருஷன் ஞாபகம் வந்தது. வேலிப்பக்கம் திரும்பினால், கொடி காட்டும் பச்சையப்பன், அறுபது வயசு மனுஷர், வேணுகோபாலின் இரண்டு கையையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வேணுகோபால் தலையைக் குனிந்து நின்றார். ஏதோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்து ஓடினாள்.

"ஐயா, அவரை வுட்டுடுங்க. தப்பு எதுனா இருந்தா என்னைக் கேளுங்க. அவருக்கு ரேஸுன்னாலே ஆவாது. பயந்த மனுஷருங்க."

பச்சையப்பன் கையை விடாமலே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, நம்ப வேணுவா பயந்த மனுஷன்? சோழவரம் ரேஸுல மூணு வருஷம் ஒருத்தனும் இவர முந்துனதில்லம்மா. ரேஸை வுட்டொழிச்சாத்தான் பொண்ணு தருவோம்னு ஆரணியில யாரோ மாமனாரு சொல்லிட்டாருன்னு, இனிமே ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போனவராச்சே!"