பின்லாந்துப் புகழ் பிரதாபன்

"இந்த முறை உங்களுக்கு இடமில்லை பிரதாபன். குறை நினைக்காதேங்கோ."

வர்த்தகர் பொங்கல் விழாக் குழுத் தலைவர் தவராசா தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது, பிரதாபன் தான் வேலைபார்க்கும் கிளிநொச்சி இரும்புக் கடையில் ஒருவருக்குத் தண்ணீர்க் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். வாள் பாதியில் நின்றது.

"ஏன் அண்ணை? ஒவ்வொரு வருசமும் முதல் பாட்டு நான்தானே?"

முதல் பாட்டென்றால் ஏதோ பெரிய மரியாதை என்று வெளியாட்கள் நினைக்கக்கூடும். சனம் வந்து கதிரை பிடித்து, பிள்ளைகளை அதட்டி இருத்தி, ஒலிபெருக்கி இரைகிறதா என்று சரிபார்த்து முடியும்வரை பாடப்படுவதற்குப் பெயர்தான் முதல் பாட்டு. ஆனாலும் பிரதாபனுக்கு அது போதுமாக இருந்தது.

"அது முந்தி. இப்ப நீங்கள் வெளிநாட்டுப் பாடகர். உங்களைக் கூப்பிட எங்களிட்ட எங்க வசதி? நிரஞ்சனைப் பிடிச்சாச்சு."

இந்த வினையைப் பிரதாபன் தன் கையாலேயே தேடிக்கொண்டிருந்தார்.

மாரி மழை தொடங்கிய புதிதில், உருத்திரபுரத்து வீட்டு விறாந்தையில் இருந்தபடி தானே எழுதிய ஒரு பாட்டைப் பாடி, கைத்தொலைபேசியில் பிடித்து யூரியூப்பில் போட்டார். முதல் சில நாட்கள் அதைப் பார்த்தவர்கள் அவரும், மனைவி அனோஜாவும், மறுபடியும் அவரும்தான். பிறகு ஒருநாள் எண்ணிக்கை திடீரென்று ஆயிரக்கணக்கில் ஏறியது. எந்தெந்த நாட்டில் கேட்கிறார்கள் என்று காட்டும் உலகப்படத்தைத் திறந்தால், இலங்கை பெயின்ற் அடிக்க மறந்த சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தது. உச்சியில் பின்லாந்து மட்டும் கருநீலமாய் மின்னியது.

புரியாத மொழியில் வந்த குறிப்புகளைத் தொலைபேசியே தமிழாக்கிக் கொடுத்தது. 'ஆழ்ந்த அமைதி.' 'என் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.' 'இது இல்லாமல் எனக்கு உறக்கம் இல்லை.'

"பாத்தியே அனோஜா? அங்க என்ர பாட்டைக் கேட்டாத்தான் நித்திரை வருதாம்!"

"எனக்கும் கேக்க நித்திரை வந்ததுதான். நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை" என்று குசினிக்குள் இருந்து பதில் வந்தது.

பிரதாபன் மனந்தளரவில்லை. அந்த உலகப்படத்தைச் சலூனில் காட்டினார், தேத்தண்ணிக் கடையில் காட்டினார், ஆணி வாங்க வந்தவரை நிறுத்திவைத்தும் காட்டினார். காட்டும்போதெல்லாம் நிரஞ்சனை இழுத்துக்கொண்டார். தர்மபுரத்து நிரஞ்சன்தான் அந்தப் பக்கத்தின் நட்சத்திரம். ஓடுகிற ஓட்டோக்களில் அவன் குரல், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக் கொண்டாட்டங்களில் அவன் குரல், உரக்கடை விளம்பரத்திலும் அவன்தான். ஆனால் அவனுடைய உலகப்படத்தில் இலங்கையை விட்டால் வேறெங்கும் ஒரு பொட்டு நிறமில்லை.

"ஊருக்குள்ள விலைபோறது வேற, உலகத்தில விலைபோறது வேற" என்று பிரதாபன் எல்லோருக்கும் விளக்கினார். அந்த விளக்கம்தான் சுற்றிச் சுழன்று தவராசாவின் காதுக்குப் போய், இப்போது தொலைபேசி வழியாகத் திரும்பி வந்திருந்தது.

"அண்ணை, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ. ஊருக்காகச் சும்மா பாடுறன்" என்றார் பிரதாபன்.

தவராசாவின் குரல் மாறியது.

"சும்மாவோ? பின்லாந்தே உங்களுக்குப் பின்னால நிக்குது எண்டீங்கள். அப்பிடிப்பட்ட ஆள் ஏன் சும்மா பாடவேணும்? அப்ப அந்தப் படம் உண்மையோ?"

பொழுதுபடுவதற்குள் சலூனில் முடிவெடுத்துவிட்டார்கள். "பெயின்ற் விக்கிற கடையில நிக்கிறவருக்கு ஒரு நாட்டுக்கு நீலம் அடிக்கிறது பெரிய வேலையே?"

பிரதாபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த குறிப்புகளை முதலிலிருந்து தேடினார். யூக்கா என்றொருவர் எழுதியிருந்தார்: 'ஜனவரியில் இலங்கை வருகிறேன். இதை அந்த இடத்திலேயே இருந்து கேட்க ஆசை.' பிரதாபன் உடனே, வாருங்கள் என்று விலாசத்தோடு பதில் போட்டார். யூக்கா வருவதாகச் சம்மதித்ததும் தவராசாவின் கடைக்கு ஓடினார்.

"அண்ணை, என்ர ரசிகர் பின்லாந்தில இருந்து நேர வாறார். பொங்கலுக்கு முதல் நாள் என்ர வீட்டில நிப்பார்!"

தவராசா ஆளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு இப்போது வியாபாரம் விளங்கியது. அடுத்த கிழமை பரந்தனிலிருந்து ஓமந்தைவரை சுவரொட்டிகள் ஏறின. 'பின்லாந்துப் புகழ் பிரதாபன்!' யாரோ ஒருவருடைய கோட்டுக்கு மேலே பிரதாபனின் தலை. பின்னால் பனிமலை. பக்கத்தில் கொம்பு விரித்த மான் ஒன்று, அதுவும் ரசிகர் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நிரஞ்சன் கீழ் மூலையில் முத்திரை அளவில் இருந்தான்.

அதோடு கடையில் வேலை கெட்டது. "ஐயோ, உங்கட கையால சீமெந்து நிறுக்கிறதோ!" என்று சனம் பக்கத்துக் கடைக்குப் போனது. முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். வராத சொந்தக்காரர் எல்லாம் வீட்டுக்கு வந்து, தங்கள் பிள்ளைகளைப் பின்லாந்துக்கு எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். மறுத்தால் மரியாதை போய்விடும் என்று பிரதாபன் "பாப்பம்" என்றார். சிலர் கடவுச்சீட்டுக்கே அலையத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் நிரஞ்சனே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணே, எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. இங்க எல்லா மேடையும் ஏறியாச்சு. வெளியில ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது. நீங்க எப்படிண்ணே பிடிச்சீங்க?"

பிரதாபன் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "தம்பி, நீ சனத்துக்குப் பாடுறாய். நான் மௌனத்துக்குப் பாடுறன்."

அதன் பொருள் பிரதாபனுக்கே தெரியாது. ஆனால் நிரஞ்சன் கண்ணை விரித்துத் தலையாட்டினான். அனோஜா தேநீர்க் கோப்பையை வைத்த சத்தத்திலேயே அவளுடைய கருத்து தெரிந்துவிட்டது. அவன் போனதும் வாயாலும் சொன்னாள்.

"அந்தப் பொடியன்ர பாட்டு ஓட்டோவில போகேக்க, வேலியில நிண்டு தாளம் போடுறது ஆர்? அவனுக்குப் புத்தி சொல்ல வெக்கமா இல்லையோ?"

வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஊரில் ஒருவர்கூடத் தன் பாட்டை முணுமுணுத்து அவர் கேட்டதில்லை. ஒருமுறை வவுனியா பஸ்ஸில் ஒருவர் முணுமுணுத்தது போலிருந்தது. ஆசையோடு கிட்டப் போய்ப் பார்த்தால், அவருக்குப் பல்லுவலி. அதனால்தான் எங்கோ பனிக்குள் இருந்து யாரோ ஒருவர் கேட்கிறார் என்றதும் அவர் இப்படித் தலைகால் தெரியாமல் ஆடினார். யூக்கா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அதன்பிறகு ஒருவரையும் ஒப்பிட்டுக் கதைப்பதில்லை என்று தனக்குள் முடிவெடுத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மழை விட்டு, வெள்ளம் நின்ற வயலில் அந்திவெளிச்சம் கிடந்தது. முற்றம் நிறையச் சனம். மாலையோடு தவராசா, ஒலிபெருக்கியோடு நிரஞ்சன், பிளாஸ்ரிக் கதிரையில் முதலாளி, விண்ணப்பம் போட்ட சொந்தக்காரர். வவுனியா றிஷாட்டின் வாடகை வான் வந்து நின்றது. றிஷாட் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கி ஆங்கிலம் பழகியவன், மொழிபெயர்ப்பும் அவன்தான். யூக்கா குனிந்து இறங்கினார். தவராசாவின் கை எட்டாத உயரம். எல்லோரையும் கும்பிட்டார். பிறகு மாலைக்கும் நிற்காமல் நேரே வயல் வரம்புக்குப் போய், சந்நிதியில் நிற்பவர்போல் நின்றார்.

"கலைஞன் பிறந்த மண்ணைப் பாக்கிறார்" என்றார் தவராசா.

பிரதாபனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மைக்கை வாங்கி, கண்ணை மூடி, முதல் அடியைப் பாடினார்.

யூக்கா சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். முற்றம் அடங்கியது.

"பாத்தீங்களே ரசனையை! மூச்சுவிடக்கூட விடமாட்டார் போல" என்று முதலாளி கிசுகிசுத்தார்.

பிரதாபனுக்குக் கண் கலங்கியது. இரண்டாவது அடியை இன்னும் உரத்துப் பாடினார். யூக்கா இரண்டு கைகளையும் கூப்பி, கெஞ்சுவது மாதிரி றிஷாட்டிடம் ஏதோ சொன்னார். றிஷாட் தலையைச் சொறிந்தான். சனத்தைப் பார்த்தான். பிறகு பிரதாபனின் காதருகே வந்து, மைக் உயிரோடு இருப்பதைக் கவனியாமல், மெதுவாகச் சொன்னான். முழு உருத்திரபுரத்துக்கும் கேட்டது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அண்டைக்குப் பாட்டு முடிஞ்ச பிறகு நீங்கள் போனை நிப்பாட்ட மறந்திட்டீங்களாம். அதுக்குப் பிறகு வயலுக்குள்ள தவளையள் கத்தினதைத்தான் அவையின்ர நாட்டில எல்லாரும் போட்டிட்டு நித்திரை கொள்ளுகினமாம். நீங்கள் கொஞ்சம் பேசாம இருந்தா, அதுகள் பாடத் தொடங்குமோ எண்டு கேக்கிறார்."