பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கையெழுத்துகள்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னால்கூட "யாரு பாத்தது?" என்று கேட்டு, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே நம்பக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரைக் கொண்டுவந்து எங்கள் ஊர் நூலகத்தில் நூலகராகப் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவருக்குச் சாட்சி சார் என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் அவருடைய சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும்.

பரவைக்கும் சமயநல்லூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. நூலகம் என்பது பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஒற்றை அறை. உள்ளே நாலு பீரோ, இரண்டு பெஞ்சு, ஒரு ஃபேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே தினமும் போனது அறிவுத் தாகத்தால் என்று எழுத ஆசைதான். ஃபேனுக்காகப் போனேன். வரலாற்றுப் பட்டத்தை மூன்றாவது முயற்சியில் வாங்கிவிட்டு, அந்தக் காற்றில் உட்கார்ந்து வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் படித்து, எனக்குத் தகுதியில்லாத வேலைகள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன என்பதில் நிபுணனாகிக்கொண்டிருந்தேன்.

சாட்சி சார் மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். எங்களோடு தமிழ் பேசினாலும் புத்தகங்களை எண்ணும்போது மட்டும் தாய்மொழிக்குப் போய்விடுவார். வருடாந்திரக் கணக்கெடுப்பில் அவர் பீரோ முன்னால் நின்று விரலை ஆட்டி ஆட்டி முணுமுணுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு அம்மா, காய்ச்சல் கண்ட பிள்ளையை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சார் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். கையோடு பிள்ளைக்கு உறுப்பினர் அட்டையும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருடம் ஏப்ரலில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா நூலகங்களும் பத்து நாள் கோடை முகாம் நடத்த வேண்டும். தலைப்பு, 'நம் ஊர் வரலாறு'. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆள் வராத நூலகங்களைப் பக்கத்து நூலகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். கட்டடம் தொடர்ந்து நூலகத்துக்கே என்று பஞ்சாயத்துத் தலைவர் கடிதம் தர வேண்டுமாம். கடைசி நாள் ஆய்வாளர் வரும்போது ஆளும் இருக்க வேண்டும், கடிதமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு பீரோவும் சமயநல்லூருக்கு லாரி ஏறும்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் என்னுடையவை. உள்ளே வந்தபோது ஒன்று, டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது ஒன்று, மூன்றாவது எதற்கென்று நினைவில்லை.

"தம்பி, ஊர் வரலாற எழுதணும். ஆனா சாட்சி இல்லாம எழுத மாட்டேன்" என்றார் சார்.

"ரெண்டு பேரக் கூட்டிட்டு வாரேன் சார். அம்புட்டுத்தான?"

"சும்மா ரெண்டு பேரு இல்ல. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பேரு. ராசியா இருக்கிற ரெண்டு பேரு சேந்து பொய் சொல்லலாம். மூஞ்சியே பாக்காத ரெண்டு பேரு ஒரே விசயத்தச் சொன்னா, அது நடந்திருக்குன்னு அர்த்தம்."

வேறு ஊராக இருந்தால் இந்த முறை முதல் நாளே படுத்திருக்கும். எங்கள் ஊரில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை, கல்யாணப் பந்தியில் அப்பளம் வராத சண்டை என்று தெருவுக்கு நாலு ஜோடி இருந்தது. சார் ஒரு நீள நோட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அகர வரிசையில் எழுதினார். தகவல் கொடுத்தவன் நான். நான் ஊருக்குச் செய்த ஒரே பொதுச்சேவை அது.

முகாமுக்கு வந்த பிள்ளைகளைச் சார் வீடு வீடாக அனுப்பினார். கண்மாய் மடையைக் கட்டியது யார், ஊருக்கு முதல் பஸ் எப்போது வந்தது என்று கேட்டு வந்து நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை அவருடைய பகையாளியிடம் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது நாள் நூலகத்தில் நிற்க இடமில்லை. "அவன் என்ன சொல்லியிருக்கான்?" என்று பார்க்க ஒருவர் வருவார், அவர் வந்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டு இவர் வருவார். நோட்டைப் பார்க்க வேண்டுமானால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சாரின் சட்டம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கையோடு அழைத்து வந்தார்கள். என் ஃபேன் பறிபோனது.

நானும் சும்மா இருக்கவில்லை. என் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சார் நோட்டைப் புரட்டி, எங்கள் குடும்பத்தோடு இரண்டு தலைமுறையாகப் பேசாத கிழக்குத்தெருப் பெரியவரை வரவழைத்தார். அவர் யோசிக்கவே இல்லை.

"ஜெயிலுக்குப் போனது வாஸ்தவந்தான் சார். எங்க ஆட்ட ஓட்டிட்டுப் போன கேசு."

என் அம்மாவிடம் கேட்டபோது, "ஆடு ஒண்ணுதான், அத ஏன் பெருசாக்குறாக" என்றாள். இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. என் குடும்பத்திலிருந்து ஊர் வரலாற்றில் ஏறிய ஒரே நிகழ்ச்சி அது.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. முதல் பஸ் வந்த கதைக்குச் சாட்சி சொல்ல வந்த வடக்குத்தெரு ஆட்கள் இரண்டு பேர், அந்த பஸ்ஸில் தாங்கள் சேர்ந்து போனதை நினைத்துச் சிரித்து, தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சாருக்கு முகம் விழுந்துவிட்டது. மடைக் கதைக்கும் அவர்கள்தான் சாட்சி. பின்னாலேயே ஓடி, முகாம் முடிகிற வரைக்குமாவது பேசாமல் இருக்க முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் மேலவீட்டு முத்தையா வந்தார். கூடவே பெயின்ட் ஈரம் காயாத ஒரு போர்டும் வந்தது. நூலகத்துக்கு நிலம் கொடுத்த வள்ளல் என்று அவருடைய அப்பா பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. இதை வரலாற்றில் ஏற்றிவிட்டால் நாளைக்கு ஆய்வாளர் முன்னால் போர்டையும் மாட்டலாம், கட்டடக் கடிதத்தையும் கொடுத்துவிடலாம் என்றார். நான் அப்போதே சுத்தியலைத் தேட ஆரம்பித்தேன்.

சார் நீள நோட்டைத் திறந்தார். "ரெண்டாவது சாட்சி வேணுமே."

"ஊருல எல்லாரும் நம்மளோட பேசுறவங்கதான் சார். தலைவரோட யாரு பேசாம இருப்பா?"

"ஒருத்தர் இருக்காரு. கீழவீட்டு குருசாமி."

தலைவர் முகம் கறுத்தது. குருசாமி அவருடைய உடன்பிறந்த தம்பி. பொதுக் கிணற்றில் மோட்டார் வைக்கிற தகராறில் ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. "அவனக் கேட்டுத்தான் எங்கப்பா பேர எழுதணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, போர்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் போர்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். "சார், எழுதிட்டுப் போவோம் சார். லைப்ரரி போயிரும். யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்ல தம்பி" என்றார்.

குருசாமியை அழைக்க நான்தான் போனேன். அந்தாள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார். உங்கள் அண்ணன் சொன்னது உண்மையா பொய்யா என்று சொன்னால் போதும் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டி, இவ்வளவு ஆட்களா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பி தெரியாத அளவுக்கு வெளியே கூட்டம். ஒரே பெஞ்சின் இந்த முனையில் அண்ணன், அந்த முனையில் தம்பி. அண்ணனின் சட்டைப் பையில் மடித்த கடிதம், கையெழுத்து இல்லாமல்.

"இந்த நிலத்த யாரு குடுத்தது?" என்று சார் குருசாமியைக் கேட்டார்.

"அப்பா குடுக்கல. எங்கம்மா குடுத்தது. அவுக சீரா வந்த இடம். கைநாட்டு வச்சுக் குடுத்துச்சு."

தலைவர் சுவரைப் பார்த்தார். "சார், அவருக்கு அப்ப விவரம் தெரியாத வயசுன்னு சொல்லுங்க."

"சார், எனக்கு அப்ப பன்னெண்டு வயசுன்னு சொல்லுங்க" என்றார் தம்பி. "ஒருதடவ எங்கப்பா வெத்துத் தாள்ல எங்கம்மாகிட்ட ரேகை வாங்கி, அவுக வயலயே வித்துப்புட்டாரு. என்ன எழுதியிருக்குன்னு எங்கம்மாவுக்குத் தெரியல. அதுக்கப்புறந்தான், எம்பிள்ளைக நாலு எழுத்துப் படிக்க ஊருக்குள்ள ஒரு எடம் வேணும்னு இதக் குடுத்துச்சு. அப்பாவுக்கு ஆத்திரம். களத்துலயே படுத்துக்கிட்டாரு. ஒரு வாரம் வீட்டுல சாப்பிடல. அண்ணந்தான் தூக்குச் சட்டியில சோறு கொண்டுபோகும்."

சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலைவரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் பீரோக்கள் லாரி ஏறிக்கொண்டிருந்தன.



"ஒரு வாரம் இல்ல" என்றார் தலைவர். "எட்டு நாளு."

அவ்வளவுதான். தம்பி மெதுவாகத் திரும்பினார். "எட்டு நாளாண்ணே?"

"ஆமடா. கடைசி நாளு நான் விழுந்து சட்டியக் கொட்டிட்டு அழுதேன். அப்புறந்தான் அவரு எந்திரிச்சு வீட்டுக்கு வந்தாரு."

குருசாமி பெஞ்சில் அண்ணனை நோக்கி ஒரு முழம் நகர்ந்தார். அவ்வளவு பேரும் கண்கலங்கி நிற்கும்போது சாட்சி சார் மட்டும் பதறி எழுந்து, நோட்டை இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

"பேசுறதுக்கு முன்னாடி கையெழுத்தப் போட்ருங்க. ராசியாயிட்டா செல்லாது."

போட்டார்கள். அம்மா பெயர் என்ன என்று சார் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: பேச்சியம்மா. தலைவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அதே பேனாவால் அதிலும் கையெழுத்துப் போட்டு ஆய்வாளரிடம் கொடுத்தார். போர்டைத் தம்பிதான் தூக்கிக்கொண்டு போனார், பெயரை மாற்றி எழுதிக்கொண்டு வர. அண்ணன் பின்னாலேயே, தள்ளிப் பிடி, பெயின்ட் ஒட்டும் என்று திட்டிக்கொண்டே நடந்தார்.

சாயங்காலம் சாரை பஸ் ஏற்றிவிடப் போனேன். நூலகம் இங்கேயே இருக்கும் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். சார் பஸ் படியில் ஏறிய பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவு" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு வேறு வேலை இல்லை. மற்ற கிழமைகளிலும் இருந்ததில்லை. பூட்டியிருக்கும் என்று தெரிந்தே நூலகத்துக்கு நடந்தேன். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். டவுன் பஸ் வந்து நின்று, சார் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். குடையை உள்ளே மறந்து வைத்துவிட்டதாகவும், அதை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்ததாகவும் சொன்னார்.

குடை அவர் கக்கத்தில் இருந்தது. நான் எழுந்து, அவர் பூட்டைத் திறக்க வழிவிட்டேன்.