வெல்டிங் கண்ணாடி வழியே சூரியன்

பயம் வந்துவிட்டால் மனிதனை விட்டு முதலில் ஓடுவது அறிவுதான். (இருந்தால்தானே ஓடுவதற்கு என்பாள் என் மனைவி.)

அப்போது ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். எனக்கும் அங்கே வேலை கிடைக்கவிருந்தது. திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை, அதில் கண் முக்கியம். சனிக்கிழமை நான் மொட்டை மாடியில் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழாயில் லென்ஸ் பொருத்தி நானே செய்த தொலைநோக்கி. அதன் பின்னால் சித்தப்பாவின் கேமரா. வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியை என் நண்பன் சேகர் கொண்டுவந்தான். மேனாம்பேட்டில் வெல்டிங் பட்டறையில் வேலை அவனுக்கு.

"நாள் பூரா நெருப்பப் பாத்துகினு கீறோம் மச்சான். இது தாங்காதா?"

வெயில் நுழையும் முன்பக்கத்தை மூடக் கண்ணாடி போதவில்லை. அதனால் சூடெல்லாம் வந்து குவியும் பின்பக்கத்தில் மாட்டினோம். நாலைந்து படம் எடுத்திருப்பேன், டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டு, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பாய்ந்தது. பின்னால் விழுந்தேன்.

"இது எத்தினி?" சேகர் விரலைக் காட்டினான்.

"ரெண்டு."

"மூணு காட்னேன் மச்சான்" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். (இரண்டுதான் காட்டினான். அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு வாரம் ஆனது.)

எங்கே பார்த்தாலும் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மிதந்தது. காலண்டரில் முருகன் முகத்தில் பொட்டு, சோற்றில் பொட்டு. வேலை போச்சு, கண்ணும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. படமாவது மிஞ்சட்டும் என்று, பொழுது சாய்ந்ததும் பிலிம் கழுவக் குளியலறைக்குள் போனேன். சன்னலைப் போர்வையால் அடைத்து, விளக்கை அணைத்து, பிலிமைத் தடவித் தடவிச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டப்பாவில் வைத்து மூடினேன்.

கதவைத் திறந்தேன். வெளியேயும் இருட்டு. கண்ணைக் கசக்கினேன், இருட்டு. சுவிட்சைத் தட்டினேன், இருட்டு. ஊதாப் பொட்டுகூட இல்லை.

"அம்மா, எனக்குக் கண்ணு போச்சும்மா" என்று நான் போட்ட கூச்சல் நாலு பிளாக் தாண்டிக் கேட்டிருக்கும்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கண்ணு போவல. கரண்டு போச்சு. கத்தாத, தீப்பெட்டி தேடினு கீறேன்."

தீக்குச்சி எரிந்தது. அதைப் பார்த்து அழுதேன். அதற்குள் வாசலில் பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது.

பரிசோதனையில் தேறினேன், வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தக் கூச்சலைக் கேட்டவர்கள் என்னை விடவில்லை. பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா காபிக்கு முன்பே செய்தித்தாளை நீட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள, வெளில ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. சின்ன எழுத்தா பாத்துப் படிங்க." தலையங்கம் முழுக்கச் சத்தமாகப் படித்த பிறகுதான் பெண்ணையே கண்ணில் காட்டினார்கள்.

இன்றும் எதிரிலேயே இருக்கும் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நான் நின்றால், என் மனைவி பெருமூச்சு விடுவாள்.

"எங்கப்பா அன்னிக்கு இன்னும் ரெண்டு பக்கம் படிக்க வுட்டுருக்கணும்."