மைக் பிடிக்காத தொண்டை

"பேர் சொல்லுங்க" என்றாள் பதிவு மேசைப் பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைமையாசிரியர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நாற்காலிகளில் பதினோரு பேர். காது மூக்கு தொண்டை மருத்துவமனை என்பதால் அதில் எத்தனை காது வேலை செய்தது என்று தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் காது இருந்தது.

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அவர் தலைமையாசிரியர்தான். முப்பத்து மூன்று வருஷம், மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகள் முன்னால் மைக் இல்லாமல் பேசியவர். மைக் பிடிக்கிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட குரல் மூன்று மாதமாகத் துருப்பிடித்த கதவு மாதிரி கிரீச்சிட்டது. அவருடைய பரம்பரையில் மாரடைப்பில் போனவர்கள் உண்டு. ஏணியிலிருந்து விழுந்து போனவர்களும் உண்டு. தொண்டை கெட்டவன் என்று ஒருவன் கிடையாது. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். இந்தச் சங்கதி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

மாப்பிள்ளையின் அப்பா ஏலக்காரர். பழைய பீரோவையும் ஓட்டை இரும்பையும் கூவிக்கூவி விற்றே வீடு கட்டியவர். நியாயமாகப் பார்த்தால் இந்தக் கோளாறு வரவேண்டிய தொண்டை அதுதான். தலைமையாசிரியர் அந்த நியாயத்தை நிலைநாட்டினார். சம்பந்தியின் பெயரை, தலைப்பெழுத்தோடு சொன்னார்.

"தொழில்?"

"ஏலம்." சொல்லும்போதே வாய் கசந்தது.

டாக்டர் சின்னப் பையன். மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டு, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டான்.

"ஈன்னு சொல்லுங்க."

தலைமையாசிரியரைப் பார்த்து ஈ என்று இளிக்கச் சொன்ன முதல் ஆள் இவன்தான். வேறு வழியில்லை. இளித்தார்.

திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. இடப்பக்க நாடாவின் விளிம்பில் பயறு அளவில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"குரல்நாண்ல சதை வளர்ந்திருக்கு. பாலிப்னு சொல்லுவோம். கத்திக் கத்தி வர்றது. பார்த்தா கெட்டதாத் தெரியல, பயப்படாதீங்க. ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். அப்பவும் அடங்கலைன்னா எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம்" என்றான் டாக்டர். "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இது சகஜம். போன வாரம்கூட ஒரு தலைமையாசிரியர் வந்தாரு. இதே இடம், இதே அளவு."

தலைமையாசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவனாவது மைக் பிடிச்சுப் பழகினவனா இருப்பான்" என்று கரகரத்தார்.

"பேசாதீங்கன்னு இப்பதானே சொன்னேன்!"

வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நோயைப் பற்றி எழுதிக் காட்டினாலும் மானம் போகும். ஆகவே எழுதவும் இல்லை. அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யார்மேலோ கோபம்.

முதல் நாள் மனைவி கேட்டாள், "என்னங்க, குழம்புல உப்பு தூக்கலா?" இரண்டாம் நாள், "அன்னிக்கு உங்க அக்கா வந்தப்ப நான் தூங்குற மாதிரி நடிச்சேனே, அதுவா?" நாலாம் நாள் அழுதேவிட்டாள். "காணாமப் போச்சுன்னு தேடினீங்களே அந்தக் கோட்டு, அதை என் தம்பிக்குக் குடுத்தது நான்தாங்க. பன்னெண்டு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். அந்த மச்சான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே பத்து விசேஷங்களுக்கு வந்திருக்கிறான்.

எட்டாம் நாள் மகள் வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதானே? யாரு சொன்னா?"

அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். எதுவும் தெரியாது என்று காட்டிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

"தரகர் ஒண்ணும் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவரலப்பா. நாங்க ரெண்டு பேரும்தான் தரகரையே கொண்டுவந்தோம். மூணு வருஷப் பழக்கம்."

டாக்டராவது, குழாயாவது!

"ஏலக்காரன் வீட்டுக்கா நீயே போய்…" என்று மைதானக் குரலில் ஆரம்பித்தார். பாதியில் தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. மிச்சம் வெறும் காற்றாக வந்தது. கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம். அதை மகள் பார்க்கும் முன் மடித்துப் பையில் வைத்தார்.

அதன்பிறகு அவருடைய மௌனத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மகள் சாப்பிடாமல் படுத்தாள். மனைவி சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து, "அவர் யார்கூடவும் பேசமாட்டேங்கிறாரு, கல்யாணம் நடக்குமான்னே பயமா இருக்கு" என்று மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் மதியமே சம்பந்தியும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். கொளுத்துகிற வெயிலில் ஏலக்காரர் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். தலைமையாசிரியரைப் பார்த்துத் தலையை அசைத்தார். தலைமையாசிரியரும் அசைத்தார். அதோடு சரி. இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

வாயால் பிழைத்தவனுக்கு வந்திருக்கிற அழுத்தத்தைப் பார், என்று கொதித்தார் தலைமையாசிரியர். சமாதானம் பேச வந்தவன் முதலில் பேசவேண்டாமா?

முக்கால் மணி நேரம் ஓடிற்று. அதற்குள் இரண்டு பெண்களும் மண்டபம், விருந்து, பத்திரிகை எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்கள். குறுக்கே பேச ஆளில்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று சம்பந்தியம்மா தன் கணவரைக் கேட்டாள். ஏலத்தில் விலை கேட்பவன் மாதிரி அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

தலைமையாசிரியர் விடுவாரா? இரண்டு விரலைத் தூக்கினார். கல்யாணம் உறுதியாயிற்று.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினான்.

"கத்தியிருக்கீங்க. உள்ளே ரத்தம் கட்டி இன்னும் பெருசாயிடுச்சு. புதன்கிழமை எடுத்துடலாம். மயக்க மருந்து குடுக்கணும், கையெழுத்து வாங்கணும். அடையாள அட்டையைப் பதிவுல காட்டிட்டுப் போங்க."

அட்டையில் சொந்தப் பெயர் இருந்தது. தலைமையாசிரியர் நடைபாதையில் மூன்று முறை போய் வந்தார். பரம்பரை மானம் ஒரு பக்கம். அடுத்தவன் பெயரில் மயங்கிக் கிடந்து, எழுந்திருக்காமலே போனால் யார் பெயரில் அழுவார்கள் என்கிற கவலை ஒரு பக்கம். கடைசியில் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மேசைக்குப் போனார். அட்டையை வைத்தார். ஒரு தாளில், "முன்பு கொடுத்த பெயர் என்னுடையது அல்ல. இதுவே என் பெயர். தொழில்: தலைமையாசிரியர், ஓய்வு" என்று முத்து முத்தாக எழுதி நீட்டினார்.

அவள் தாளைப் பார்த்தாள். கணினியில் தட்டினாள். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பேர்ல ஒரு தலைமையாசிரியருக்கு ஏற்கெனவே புதன்கிழமை ஆபரேஷன் போட்டிருக்கே ஐயா, கழுத்துல மப்ளர் கட்டிக்கிட்டு வருவாரே, அடையாள அட்டை கேட்டதும் திருதிருன்னு முழிச்சுட்டுப் போனாரே, அப்போ அவரு யாரு?"