முகத்தைப் பார்த்த நிருபர்

'கொலைகாரன் முகத்தை நான் பார்த்தேன்!' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. நிருபர் முகத்தையும் பார்க்கவில்லை, முதுகையும் பார்க்கவில்லை.

வேறென்ன செய்வார், பாவம்? ஊரில் இரண்டு கொலை விழுந்தாயிற்று. போட்டிப் பத்திரிகையில் வேலை பார்க்கும் மச்சினன், 'கொலைகாரனின் செருப்பு பத்தாம் நம்பர்' என்று எழுதி ஊரைக் கிடுகிடுக்க வைத்துவிட்டான். "அவனை மிஞ்சு, இல்லேன்னா வானிலைப் பக்கத்துக்குப் போ," என்றார் ஆசிரியர். இருபது வருஷம் கொலையும் கொள்ளையுமாக எழுதிய கை, 'லேசான தூறல்' என்று எழுதுமா? துணிந்து புளுகிவிட்டார்.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே, கீழ்த்தளத்து விளம்பரக் கவுண்ட்டர் அம்மா கையைக் காட்டினாள்.

"சார், ஒரு நிமிஷம்! இந்த இரங்கல் விளம்பரத்துல ஒரு விஷயம்..."

"செத்தவங்களோட பேச எனக்கு நேரமில்லம்மா!"

மாடியில் இன்ஸ்பெக்டர், படம் வரைபவரோடு உட்கார்ந்திருந்தார்.

"முகம் எப்படி இருந்துச்சு?"

நிருபர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டதைச் சொல்லி வைத்தார். "வழுக்கை. சப்பை மூக்கு. தொங்கு மீசை."

படம் முடிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆசிரியர், அச்சு அசலாகப் படத்தில் இருந்தார்.

"ஐயோ, அவரை விடுங்க! கொலைகாரன் முகமூடி போட்டிருந்தான்!" என்று ஆசிரியரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய போலீஸ் ஜீப்பின் பின்னாலேயே ஓடினார் நிருபர்.

இறங்கி வந்த ஆசிரியரின் மீசை துடித்தது. "சாயங்காலத்துக்குள்ள அவன் நிஜ முகம் என் மேஜைக்கு வரணும். வரலேன்னா, வானிலையும் கிடையாது. வீடுதான்!"

மானத்தை விட்டு மச்சினனுக்கே போன் போட்டார்.

"மச்சான், உன்கிட்ட இருக்கிற துப்புல ஒண்ணு குடுடா. உங்க அக்காவுக்காகவாவது!"

"துப்பா? அந்தச் செருப்பு நம்பரே என்னோடது மாமா!"

"அடப்பாவி!"

"கவலைப்படாதீங்க. உங்களைப் பத்திப் பெருமையா எழுதி, விலாசத்தோட மதியப் பதிப்புல போட்டாச்சு. அவனே தேடி வருவான்."

போனை வைத்ததும் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, நம்ம வீட்டுப் பச்சைக் கதவுகூடப் பேப்பர்ல வந்திருக்கு! கொலைகாரன் வந்தா நான் என்ன சொல்றது?"

"உன் தம்பி அனுப்பினான்னு சொல்லு!"

மணி ஐந்து. போதும்டா சாமி, உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று நிருபர் படியிறங்கினார். மாடியில் காணாத ஆசிரியரைக் கீழே தேடியவரைக் கவுண்ட்டர் அம்மா மறித்துக்கொண்டாள்.

"இப்பவாவது நில்லுங்க சார். நாளைக்கு இரங்கல் விளம்பரத்துக்கு உங்க போட்டோ ஒண்ணு வேணும்."

"என் போட்டோவா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அதைத்தானே காலையிலேர்ந்து சொல்ல வர்றேன். செத்துப்போன அந்த ரெண்டு பேருக்கும் சாகறதுக்கு முந்தின நாளே வந்து விளம்பரம் குடுத்தவர்தான் உங்களுக்கும் குடுத்திருக்காரு; நீங்க அவர் முகத்தைப் பாத்திருக்கீங்களாமே, அதோ வாசல்ல நிக்கிறாரு, சரியான்னு பாத்துச் சொல்லுங்க!"